கொற்கைக் கரைக்குப் போறவங்க என்ன படிக்கணும், என்ன வாங்கணும்?

வாசகர் கேள்வி, 2024 மே 9

அண்ணாச்சி, எனக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. அப்பா வேலைக்காகச் சின்ன வயசுலேயே நாக்பூருக்கு வந்தாச்சு. ஜூன் லீவுக்கு ஊருக்கு வாரோம். எட்டாங்கிளாஸ் படிக்கிற என் மக பாண்டியன் துறைமுகம், முத்துக்குளிப்பு, போர்த்துகீசியர் கோவில் எல்லாத்தையும் பார்க்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கா. முன்னாடி ஒருதரம் கொற்கைக்குப் போனேன். ஒரு குளம், ஒரு வன்னி மரம், சுத்தி வயக்காடு. அவ்வளவுதான். கையில வச்சுப் படிச்சுக்கிட்டே நடக்க ஒரு புத்தகம் கிடைக்கலை. திரும்பி வரும்போது ஒரு கடையில முத்துமாலையும் வெள்ளைப் பவளக் கொத்தும் வாங்கினேன், கொற்கை முத்துன்னு சொன்னாங்க. ராஜஸ்தானுக்கோ கோவாவுக்கோ போனா புத்தகம், படம், பொம்மைன்னு பை நிறைஞ்சுடுது. நம்ம பாண்டிய நாட்டுக் கரைக்கு அப்படி ஒண்ணும் இல்லைங்கிறது என் எண்ணம். இருந்தா சொல்லுங்க.

மே 9, இரவு

இருக்கு தம்பி. நிறையவே இருக்கு. ஆனா ஒரே கடையில அடுக்கி வைக்கலை. பத்தமடையில ஒண்ணு, உடன்குடியில ஒண்ணு, பாளையங்கோட்டையில பழைய புத்தகம் விக்கிறவர்கிட்ட ஒண்ணுன்னு சிதறிக் கிடக்கு.

முதல்ல கொற்கை. குளமும் மரமும் வயலும்தான் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அந்த வயல்தான் துறைமுகம். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டின மண்ணுல கடல் பின்வாங்கிப் போச்சு, இப்ப கரைக்கு ஆறேழு கிலோமீட்டர் போகணும். கொற்கை தூர்ந்ததும் துறைமுகம் காயலுக்கு நகர்ந்துச்சு, அப்புறம் புன்னைக்காயல், கடைசியில தூத்துக்குடி. ஒரே துறைமுகம் ஆத்து மண்ணுக்குப் பயந்து வடக்கும் கிழக்குமா இடம் மாறிக்கிட்டே இருந்திருக்கு. இதை மனசுல வாங்காம கொற்கைக்குப் போனா யாருக்கும் ஏமாத்தமாத்தான் இருக்கும். வாங்கிக்கிட்டுப் போனா அந்தக் குளத்தங்கரையை விட்டு எழுந்திரிக்க மனசு வராது.

புத்தகப் பட்டியலை நாளைக்கு எழுதுதேன்.

மே 10

கால்டுவெல். 1881-ல வந்த திருநெல்வேலிச் சரித்திரம். ஆதி காலத்துல ஆரம்பிச்சு 1801-ல கும்பினியார் கைக்கு நாடு போனது வரைக்கும். இடையன்குடியில இருந்துகிட்டு எழுதினது. தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கு. கொற்கையிலயும் பழையகாயல்லயும் அவரே ஆள் வச்சுத் தோண்டிப் பார்த்திருக்கார், அதை 1877-ல கட்டுரையா எழுதினார். இன்னைக்கு நாம கொற்கை, காயல், தூத்துக்குடின்னு வரிசையாச் சொல்லுதோமே, அந்த வரிசையை முதன்முதல்ல நிலத்தை மிதிச்சுப் பார்த்துச் சொன்னவர் அவர்தான்.

அடுத்து, பேட் துரை தொகுத்த திருநெல்வேலி மாவட்ட கெஜட்டியர், 1917. இங்கிலீஷ்தான். ஒவ்வொரு தாலுகாவா, ஊர் ஊரா எழுதியிருக்கும். கதை மாதிரிப் படிக்க வராது. போற ஊரை மட்டும் எடுத்துப் படிச்சுட்டு பஸ் ஏறணும்.

மூணாவது ஹார்னெல் எழுதின சங்குப் புத்தகம், 1914. மீன்துறை அதிகாரி. மன்னார் வளைகுடாவுல சங்கு குளிக்கிறதுல ஆரம்பிச்சு, அந்தச் சங்கு வங்காளத்துக்குப் போய் கல்யாணப் பொண்ணு கையில வளையலாகிறது வரைக்கும் பின்தொடர்ந்து எழுதியிருக்கார். கொற்கை மண்ணுல அறுத்த சங்குத் துண்டுகள் கிடைச்சதுனால, வளையல் பட்டறை இங்கேயே இருந்திருக்குன்னும் காட்டினார். அப்ப நம்ம ஊர் மூலச்சரக்கை மட்டும் வித்த ஊரு இல்லை, சாமானாக்கி வித்த ஊரு. உங்க கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்ன இருக்கு?

மே 10, கொஞ்ச நேரம் கழிச்சு

அந்த வெள்ளைப் பவளக் கொத்தைப் பத்திச் சொல்லாம தூங்கப் போக முடியலை.

அது வாங்கக் கூடாத பொருள். 1972 வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துல புலிக்கு என்ன பாதுகாப்போ அதுதான் பவளப்பாறைக்கும். 2001-ல கடல்குதிரை, கடல் அட்டை, கடல்விசிறி, சில பெரிய சங்கு வகை எல்லாம் பட்டியல்ல சேர்ந்துச்சு. விக்கிறதும் குத்தம், வாங்கிறதும் குத்தம், வீட்டுல வச்சிருக்கிறதும் குத்தம். கிட்ட இருக்கிற வனத்துறை அலுவலகத்துல விவரம் சொல்லி ஒப்படைச்சுடுங்க.

சட்டத்தை விடுங்க. தூத்துக்குடியில இருந்து பாம்பன் வரைக்கும் 21 தீவு இருந்துச்சு. சுண்ணாம்புக் காளவாசலுக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததுல விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் தண்ணிக்குள்ள போயிடுச்சு. வான் தீவு கரைஞ்சுக்கிட்டே வருது, இப்ப செயற்கைப் பாறை இறக்கி நிறுத்தப் பார்க்காங்க. கொத்துக் கொத்தா ஷோகேஸுக்குப் போனது எல்லாம் அந்தத் தீவுகளோட கால்.

நகைக்கடையில மோதிரத்துல பதிக்கிற சிவப்புப் பவளம் வேற. அது மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வாரது, நம்ம கடல்ல விளையலை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட வேண்டாம்.

மே 11

முத்துமாலை.

தூத்துக்குடிக் கடல்ல அரசாங்கம் நடத்தின கடைசிப் பெரிய முத்துச் சலாபம் (முத்துக்குளிப்பு) 1961-ல முடிஞ்சுது. அதுக்கப்புறம் பார்ல, அதாவது சிப்பி வளருற கடலடித் திட்டுல, குளிக்கிற அளவுக்குச் சிப்பி சேரலை. தோளாயிரம் பார்னு ஒரு பார் பேரை வயசான குளியாட்கள் வீட்டுல இப்பவும் கேக்கலாம், அவ்வளவுதான் மிச்சம். 1973-ல தூத்துக்குடி மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க வேப்பலோடையில சிப்பிக்குள்ள கரு வச்சு முத்து விளைய வச்சாங்க. பெரிய சாதனை. ஆனா அது ரோட்டோரக் கடைக்கு மூட்டை மூட்டையா வாரது கிடையாது. அதனால 'கொற்கை முத்து'ன்னு முன்னூறு ரூவாய்க்குத் தந்தா அது நன்னீர் வளர்ப்பு முத்தா இருக்கும், இல்லாட்டி பிளாஸ்டிக். பல்லுல லேசா உரசிப் பாருங்க. நறநறன்னு மணல் மாதிரி பட்டா சிப்பி முத்து, வழுக்கினா கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ.

அசல் கொற்கை முத்து வேணும்னா அகநானூறு வாங்குங்க. 27-ம் பாட்டு: "மறப்போர்ப் பாண்டியர் அறத்தின் காக்கும் கொற்கை அம் பெருந்துறை முத்தின் அன்ன". ஒரு பொண்ணோட பல்லுக்குச் சொன்ன உவமை. 130-ம் பாட்டுல அலை கொண்டுவந்து ஒதுக்கின முத்து, கரையில ஓடுற குதிரையோட காலை உறுத்தி நடையைக் கெடுக்கு. குதிரைக் குளம்புல சிக்குற அளவுக்கு முத்து கிடந்த மணல், தம்பி. உங்க மகளுக்கு உரையோட அந்த ரெண்டு பாட்டை மட்டும் ஒரு தாள்ல எழுதிக் குடுத்து, கொற்கைக் குளத்தங்கரையில வச்சு வாசிக்கச் சொல்லுங்க.

மே 13

"ஐங்குறுநூறை விட்டுட்டீங்களே"ன்னு ஸ்ரீவைகுண்டத்துல ஒரு வாத்தியார் சத்தம் போட்டார். 188-ம் பாட்டு. கொற்கைத் துறையில விடியக்காலம் பூக்கிற நெய்தல் மாதிரிக் காதலி கண்ணுன்னு வரும். சேர்த்துக்கோங்க.

மே 14

காயல்பட்டினத்து நண்பர் ஒருத்தர் கோபமா எழுதியிருக்கார். மார்க்கோ போலோ இறங்கின காயல் எங்க ஊருதான், கால்டுவெல் சொன்னார்ங்கிறதுக்காகப் பழையகாயல்னு எப்படி எழுதலாம்னு.

கால்டுவெல் பழையகாயலைத்தான் சொன்னார், அதுக்கு அவர் தோண்டி எடுத்த சீனப் பாத்திரத் துண்டுகளைச் சாட்சியா வச்சார். காயல்பட்டினத்துக்காரங்க அவங்க ஊர்ப் பழைய பள்ளிவாசல்கள், மீசான் கல் (கல்லறைக் கல்) எழுத்து இதை வச்சுப் பேசுதாங்க. ரெண்டு ஊரும் ஒரே கரைப் பக்கம்தான். அரபு நாட்டுக் குதிரை ஆயிரக்கணக்குல வந்து இறங்கின துறை, ஒரே படித்துறையிலயா இறங்கியிருக்கும்? ரெண்டு ஊரையும் பாருங்கன்னுதான் சொல்வேன். காயல்பட்டினத்துக்குப் போறவங்க அரபுத் தமிழ்ல எழுதின பழைய ஏடு யார் வீட்டுலயாவது இருந்தா காட்டச் சொல்லிக் கேளுங்க. நம்ம பேச்சு, அவங்க எழுத்து. விலைக்குக் கேட்டுடாதீங்க, கண்ணால பார்த்துட்டு வாங்க.

மே 17

என் பட்டியலோட வரிசையை மாத்துதேன். நாலு நாளா யோசிச்சதுல, முதல்ல கால்டுவெல்லைக் குடுத்தா எட்டாங்கிளாஸ் பிள்ளை புத்தகத்தை மூடிடும், அப்பாவுந்தான். நாவல்ல ஆரம்பிங்க.

வண்ணநிலவனோட 'கடல்புரத்தில்'. சின்ன நாவல், ஒரே உக்காருல முடிச்சுடலாம். மணப்பாட்டுப் பக்கத்துக் கரை, நாட்டுப்படகு வல்லக்காரங்களுக்கும் விசைப்படகு லாஞ்சிக்காரங்களுக்கும் வந்த சண்டை, பிலோமின்னு ஒரு பொண்ணு. அதைப் படிச்ச மனசோட மணப்பாடு போனா, மேட்டு மேல இருக்கிற சிலுவைக் கோவிலும் சவேரியார் தங்கின குகையும் கீழ இருக்கிற படகுக்கூட்டமும் தனித்தனியாத் தெரியாது. பெரியவங்களுக்கு ஜோ டி குரூஸோட 'ஆழி சூழ் உலகு', அப்புறம் 'கொற்கை'. கொற்கைங்கிற பேருல அவர் எழுதினது இருபதாம் நூற்றாண்டுத் தூத்துக்குடியை. தோணி, உப்பு, கப்பல் கம்பெனி, பரதவர் வாழ்வு எல்லாம் அதுல. ஆயிரம் பக்கத்துக்கு மேல. 2013-ல சாகித்திய அகாதமி விருது. ரயில் தூக்கத்துக்குத் தலையணை உயரம் இருக்கும், தூங்க விடாது.

நாவலுக்குப் பிறகு தொ. பரமசிவன். 'அறியப்படாத தமிழகம்'. பாளையங்கோட்டைத் தெருவுல நின்னு பேசுற மாதிரி ரெண்டு மூணு பக்கக் கட்டுரைகள். சோறு, உடை, சாமி, சடங்கு. அவர் இல்லாமப் போனது 2020 டிசம்பர்ல. இன்னும் ஒரு கோவிலுக்குள்ள நுழைஞ்சா அவர் என்ன சொல்வார்னுதான் மனசு ஓடுது. தூத்துக்குடி உப்பளத்தைப் பார்க்கப் போனா ஆ. சிவசுப்பிரமணியன் எழுதின 'உப்பிட்டவரை'யைக் கையோட கொண்டு போங்க. வ.உ.சி. பாதையில போறவங்க, 1906-ல சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினது, 1908-ல கோரல் மில் வேலைநிறுத்தம், மார்ச் 12-ல அவர் கைதானது, மறுநாள் திருநெல்வேலி கொந்தளிச்சது, இதுக்கெல்லாம் ஆ.இரா. வேங்கடாசலபதி எழுதின 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும்' படிக்கணும்.

கால்டுவெல் இதுக்கெல்லாம் பிறகு. அவரை ஒரு கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுப் படிக்கணும்ங்கிறதையும் சேர்த்துச் சொல்லிடுதேன். 1849-ல பனையேறும் மக்களைப் பத்தி அவர் எழுதின சின்ன நூல் அந்த மக்களை அவ்வளவு நோகடிச்சுது, பின்னால அவரே திரும்ப வாங்கிக்கிட வேண்டி வந்துது. உழைப்புக்குக் கும்பிடு, சொன்ன எல்லாத்துக்கும் தலையாட்டல் கிடையாது.

மே 18

ஒண்ணு விட்டுப் போச்சு. இந்தக் கரையில இருந்து போன புத்தகத்தைப் பத்தி.

அண்ட்ரிக் பாதிரியார்னு நம்ம ஊர்ல சொல்லுத என்றீக்கே என்றீக்கஸ், போர்த்துகீசியர். முத்துக்குளித்துறையில ஐம்பது வருஷத்துக்குக் கிட்ட இருந்து தமிழ் படிச்சார். 1578-ல கொல்லத்துல அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவரோடது. 16 பக்கம். இந்தியாவுல இந்திய மொழி எழுத்துல அச்சான முதல் புத்தகம் அதுதான். அச்சு எழுத்து வார்க்கக் காசு குடுத்தது இந்தக் கரைப் பரதவர் மக்கள். அடுத்து 1586-ல 'அடியார் வரலாறு', பெரிய புத்தகம். புன்னைக்காயல்ல அச்சானதாச் சொல்லுவாங்க. அவர் 1600-ல இறந்து தூத்துக்குடியில அடக்கமானார். 'தம்பிரான் வணக்க'த்தோட பிரதி இப்ப ஹார்வர்டுல இருக்கு, 'அடியார் வரலாறு' வாடிகன்ல.

மீன் பிடிச்ச காசைத் தமிழ் எழுத்து வார்க்கக் குடுத்த கரைதான் புன்னைக்காயல். அங்க போனா ஆறு கடல்ல விழுற இடத்தைப் பார்த்துட்டுத் திரும்பிடாதீங்க, இதை உங்க மக கிட்ட அந்த இடத்துல வச்சுச் சொல்லுங்க.

மே 22

வாங்குற சாமானுக்கு வாரேன். எல்லாரும் கேக்கிறது அல்வா, மக்ரூன், கடலைமிட்டாய். இது தெரிஞ்ச கதை, அதிகம் எழுதலை. தூத்துக்குடி மக்ரூன் முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சீனியும். ஈரக்காத்து பட்டா நமுத்துடும், தகர டப்பாவுல அடைச்சு வாங்குங்க. நாக்பூர் போற வரைக்கும் திறக்காதீங்க.

கருப்பட்டியைப் பத்தித்தான் பேசணும். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. ஜூன்ல வாரீங்க, பருவம் சரியா இருக்கு. குலசேகரன்பட்டினம், உடன்குடி, செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம் விடிலிக்கே போங்க. விடிலின்னா பனங்காட்டுக்குள்ள ஓலை வேய்ஞ்ச குடிசை, பதநீர் காய்ச்சுற இடம். ஏறுறவர் விடியறதுக்கு முன்னாடி மரம் ஏறி இறங்கிடுவார். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவியிருக்கும், இல்லாட்டி புளிச்சுக் கள்ளாயிடும். அந்த அம்மா தாச்சியில ஊத்தி, காஞ்ச பனமட்டையை வச்சு எரிப்பாங்க. பொங்கி வரும்போது கொட்டைமுத்து (ஆமணக்கு விதை) ஒண்ணு ரெண்டு நசுக்கிப் போட்டா நுரை அடங்கும். பாகு நூலா இழுத்து, துடுப்புல இருந்து கட்டியா விழுற பதம் பார்த்து இறக்கி, சிரட்டையில ஊத்துவாங்க. சிரட்டைக் கண்ணு அடையாளம் கருப்பட்டி முதுகுல அப்படியே இருக்கும்.

கடையில வாங்கினா உடைச்சுப் பார்த்து வாங்குங்க. உடைச்ச பக்கம் மினுமினுன்னு சீனிக்கல் மாதிரி பளபளத்தா சீனிப்பாகு கலந்தது. மங்கலா, கருஞ்சிவப்பா, கொஞ்சம் ஈரப்பசையோட இருந்தா நல்லது. வாயில போட்டா இனிப்புக்கு அடியில ஒரு உப்புக்கரிப்பு தட்டும். அந்த உப்பு தேரி மண்ணோடது, கடக்காத்தோடது. சீனி கலந்ததுல அது இருக்காது. எனக்கு ஒருதரம் ஒரு கடையில பத்துக் கிலோ அப்படிக் கலப்படம் தலையில கட்டிட்டாங்க, அதுக்கப்புறம் உடைக்காம வாங்குறது இல்லை. ஏலக்காயும் சுக்கும் போட்ட சில்லுக்கருப்பட்டி பிள்ளைங்களுக்குப் பிடிக்கும். பனையோலைக் கொட்டான்ல கட்டித் தரச் சொல்லுங்க. மணப்பாட்டுப் பொம்பளைங்க முடையுற ஓலைப்பெட்டி இன்னும் நேர்த்தி, அதையும் அங்கேயே வாங்கிடலாம்.

மே 23

அடுப்பு எரியுற நேரம் விடிலிக்குப் போய் வெறுங்கையோட போட்டோ மட்டும் எடுத்துட்டு வராதீங்க. ஒரு கிலோவாவது அவங்ககிட்டயே வாங்குங்க. இடைத்தரகர் குடுக்கிற விலைக்கும் நீங்க கடையில குடுக்கிற விலைக்கும் உள்ள தூரம் கேட்டா வயிறு எரியும்.

ஜூன் 1

இறந்தவங்களைத் தாழியில வச்சுப் புதைச்ச பழங்காலத்து இடமான ஆதிச்சநல்லூர் பத்தி ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. அங்க பரம்பு மேட்டுல கிடக்கிற பானை ஓட்டை நினைவுக்கு எடுத்துட்டு வரலாமான்னு.

எடுக்கக் கூடாது. மேல கிடக்கிற துண்டுதானேன்னு தோணும். அந்தத் துண்டு எந்த இடத்துல, எந்தத் தாழி பக்கம் கிடந்ததுங்கிறதுதான் அதோட உசிரு. பையில போட்டா அது வெறும் ஓடு. அது போக, இந்த மண்ணுல இருந்து எடுத்துட்டுப் போனது போதும். 1876-ல ஜெர்மன்காரர் யாகோர் வந்து தோண்டி எடுத்தது பெர்லினுக்குப் போச்சு. 1899-லருந்து 1905 வரைக்கும் அலெக்சாண்டர் ரீ எடுத்த தங்கப் பட்டம், வெண்கலக் கோழி, எருமை, இரும்பு வாள் எல்லாம் சென்னை எழும்பூர் மியூசியத்துக்குப் போச்சு. கொற்கை முத்து ரோமாபுரிக்கு, சங்கு வங்காளத்துக்கு, அச்சுப் புத்தகம் ஹார்வர்டுக்கு. விலை குடுத்து வாங்கினதைக் குறை சொல்ல முடியாது, அது வியாபாரம். ஆனா ஆதிச்சநல்லூர்ச் சாமான் அந்த ஊர்ப் பிள்ளைங்க கண்ணுல படாம நூறு வருஷத்துக்கு மேல போனது எனக்கு இன்னும் ஆறலை.

2023 ஆகஸ்டுல பரம்பு மேலயே கண்ணாடித் தளம் போட்டு, தாழிகளைத் தோண்டின குழிக்குள்ள இருக்கிறபடியே பார்க்க வச்சிருக்காங்க. காலுக்குக் கீழ தாழி. உங்க மகளை முதல்ல அங்க கூட்டிட்டுப் போங்க, அதுக்குப் பிறகு கொற்கை. ரீ தொகுத்த பொருள் பட்டியல் 1915-ல புத்தகமா வந்தது. இணையத்துல இருக்கு, படங்களை அச்செடுத்துக் கையில வச்சுக்கோங்க. குழிக்குள்ள பார்க்கிறதையும் எழும்பூருக்குப் போனதையும் அவளே சேர்த்துப் பார்த்துக்கிடுவா. சிவகளையும் பக்கத்துலதான். அங்க தாழிக்குள்ள கிடைச்ச நெல் உமிக்கு கி.மு. 1155-னு காலம் கணிச்சதா 2021-ல அறிவிச்சாங்க. கொற்கையில 1968-69-ல தோண்டினப்ப கிடைச்ச கரித்துண்டுக்கு கி.மு. 785.

பழைய காசுன்னு சொல்லி யாராவது மீன் முத்திரைச் செப்புக்காசு நீட்டினாலும் வாங்காதீங்க. போலியா இருந்தா காசு நட்டம், அசலா இருந்தா இன்னும் மோசம்.

ஜூன் 2

போற வழி கேட்டவருக்கு: திருநெல்வேலி – திருச்செந்தூர் ரயில்ல போங்க. செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், காயல்பட்டினம்னு பாதி சரித்திரம் ஸ்டேஷன் போர்டுலயே இருக்கு. குமரகுருபரர் பொறந்த ஊரும் நம்மாழ்வார் ஊரும் அடுத்தடுத்து. கொற்கைக்கு ஏரல் போய் அங்கருந்து ஆட்டோ. 2023 டிசம்பர் வெள்ளத்துல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 94 சென்டிமீட்டர் மழை கொட்டினப்ப இந்தத் தடம் பூரா தண்ணி, செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல நின்னு போச்சு. எங்க வீட்டுக் கீழ் அலமாரிப் புத்தகமெல்லாம் அன்னைக்குப் போனதுதான். கெஜட்டியர் மேல் தட்டுல இருந்ததால தப்பிச்சுது.

ஜூன் 5

'முக்கூடற்பள்ளு' எங்கன்னு கேட்டிருக்கார் பேட்டைக்காரர் ஒருத்தர். கடற்கரைப் பட்டியல்தானேன்னு விட்டு வச்சிருந்தேன். ஆனா அவர் சொல்றதுல நியாயம் இருக்கு. "மலையாள மின்னல் ஈழமின்னல் சூழமின்னுதே"ன்னு சீவலப்பேரி வயல்ல நிக்கிறவன் பாடுதான். மேக்க மலையாளம், கிழக்க ஈழம், நடுவுல நம்ம ஆறு. கரையை மட்டும் தனியா வெட்டி எடுத்துப் பார்க்க முடியாதுங்கிறதுக்கு இந்த ஒரு வரி போதும். நெல் பேரும் மீன் பேரும் வரிசையா வரும் இடங்களை உங்க மகளோட சத்தமாப் படிங்க.

ஜூன் 8

பத்தமடைப் பாய். இது ஆத்துச் சரக்குன்னு சொல்வாங்க, ஆனா இந்த நாட்டுல இருந்து ஒரே ஒரு பொருள்தான் கொண்டு போகலாம்னா நான் இதைத்தான் சொல்லுவேன்.

பச்சைக் கோரையை அறுத்து, ஒரு தண்டை நகத்தாலயும் கத்தியாலயும் பல இழையாக் கீறி, காயப்போட்டு, கட்டாக் கட்டித் தாமிரபரணி ஓட்டத்துல ஒரு வாரம் போல ஊறப்போடுவாங்க. ஊறி எடுத்துத் திரும்பக் காஞ்சதும் சாயம். தரையோட தரையா நூல் பாவு இழுத்துக் கட்டி, நெய்ஞ்ச பாய் மேலயே உக்காந்து, நீளக் குச்சி முனையில ஒரு கோரையைக் கோத்து இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நுழைப்பாங்க. ஓரத்தை விரலால மடிச்சுச் செருகி, அச்சை இழுத்து ஒரு தட்டு. திரும்ப அடுத்த கோரை. முழுக்கப் பார்த்து நின்னா ஒரு விரற்கடை வளர அரை நாள் போகும்போல இருக்கும். பட்டுப்பாய்னா இழை அவ்வளவு சன்னம், துணி மாதிரி மடிக்கலாம். நான் பார்த்த வீட்டுல அந்த அம்மா கோரையை நுழைக்கும்போது மூச்சை அடக்கிக்கிட்டாங்க. விலை கேட்டுப் பேரம் பேச எனக்கு நாக்கு எழும்பலை.

கூட ஒரு ஜோடி அம்பாசமுத்திரம் சொப்பு. கடைசல் பட்டறையில மரத்தைச் சுத்தவிட்டு அரக்குக் கட்டியை அழுத்தினாலே சாயம் ஏறுற வித்தையை உங்க மகளுக்குக் காட்டுங்க. அம்மி, ஆட்டுரல், உரல், அடுப்பு எல்லாம் உள்ளங்கைக்குள்ள அடங்கும். கல்லிடைக்குறிச்சிக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம்தானே அம்பை, நடந்தே போயிடலாம்.

ஜூன் 19

தம்பி எழுதியிருக்கார், வந்து இறங்கியாச்சாம். பவளக் கொத்தை நாக்பூர்லயே ஒப்படைச்சுட்டு வந்திருக்கார். மக 'கடல்புரத்தில்' ரயில்லயே முடிச்சுட்டு, பிலோமி வீடு எது, காட்டுங்கன்னு கேக்காளாம். மணப்பாட்டுல எந்த வீட்டைக் காட்டினாலும் பொருந்தும்மா.

ஒரு கேள்வி பாக்கி வச்சிருக்கார்: தங்கச்சி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பொண்ணு பேர் போட்ட பத்தமடைப் பாய் வேணும், ஊருக்குத் திரும்புறதுக்குள்ள கிடைக்குமான்னு. சன்னப் பாய் கிடைக்காது. முன்கூட்டியே சொல்லி, முன்பணம் குடுத்து, பேரை எழுத்துப் பிழையில்லாமத் தாள்ல எழுதிக் குடுத்துட்டு வாங்க. தறியில எழுத்து ஏறினா திருத்த முடியாது. நெய்யுற வீட்டுலயே நேரடியாச் சொல்லுங்க. முடிஞ்சதும் பார்சல்ல அனுப்புவாங்க. வந்ததும் மடிச்சு வைக்காம சுருட்டி வைங்க, மழைக்காலத்துல நிழல்ல ஒருதரம் விரிச்சுக் காத்தாட விடுங்க. வெயில்ல போட்டா சாயம் வெளுத்துடும்.